கரையிலிருந்து கடலுக்குள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், படகு இல்லாமல் கரையிலிருந்து நடந்தே இறங்கும் ஸ்கூபா டைவிங் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி பயம், பாதி "அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?" என்ற சந்தேகம். டைவிங் சொல்லிக்கொடுப்பது என் தொழில் என்பதால் இரண்டும் எனக்குப் பழக்கம்தான். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: கரையோரத்தில் ஆழமே கிடையாது. நல்ல மீன்களைப் பார்க்க நடுக்கடலுக்குத்தானே போக வேண்டும்? கரையிலிருந்து இறங்குவது கற்றுக்குட்டிகளுக்கானது என்று என் நண்பன் கேலி செய்கிறான்.

பதில்: உங்கள் நண்பர் எத்தனை மீட்டர் போனார் என்பதைத்தான் முதலில் சொல்வார், இல்லையா? மேலே வந்ததும் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும், கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டரை நீட்டுவார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

பவளங்களின் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. அந்தப் பாசிக்கு வெயில் வேண்டும். அதனால்தான் பவளப்பாறை மேல்தட்டில் செழிக்கிறது. அதை நம்பி வாழும் மீன்களும் அங்கேயே இருக்கின்றன. இன்னொன்று, நிறம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். சில மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும். முப்பது மீட்டருக்குப் போனால் டார்ச் இல்லாமல் எல்லாமே நீலச் சாம்பல்தான். அவ்வளவு கீழே போய் நிறமில்லாத மீனைப் பார்ப்பதில் எனக்கு ஆசை இல்லை.

காற்றுக் கணக்கையும் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் 2,400 லிட்டர். அதில் 50 பார் கையிருப்பாக விட்டால், செலவழிக்க 1,800 லிட்டர் இருக்கும். ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும், ஒவ்வொரு மூச்சுக்கும் அதிகக் காற்று செலவாகும். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிற ஒருவருக்கு 5 மீட்டர் ஆழத்தில் 30 லிட்டர் தேவை, 10 மீட்டரில் 40, 30 மீட்டரில் 80. அதாவது அதே சிலிண்டர் 5 மீட்டரில் ஒரு மணி நேரம் வரும். 30 மீட்டரில் இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் நண்பர் மேலே வந்து கம்ப்யூட்டரைக் காட்டும்போது, கரையோரத்தில் இறங்கியவர் இன்னும் ஒரே பாறையைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

உதாரணமும் தருகிறேன். தெற்கு ஆஸ்திரேலியாவில் வையாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாறைக் கடற்கரை இருக்கிறது. அங்கே மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில் ராட்சதக் கணவாய்கள் ஆயிரக்கணக்கில் இனப்பெருக்கத்துக்குக் கூடுகின்றன. இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டினால் போதும், சில மீட்டர் ஆழத்திலேயே எல்லாம் நடக்கிறது. பெரிய ஆண்கள் உடம்பில் வரிவரியாக நிறம் ஓடவிட்டு ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சின்ன ஆண் ஒன்று கைகளைச் சுருக்கி, நிறத்தை மாற்றி, பெண் போல வேஷம் போட்டுக் காவலுக்கு நிற்பவனைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். இதைப் பார்க்கப் படகும் வேண்டாம், ஆழமும் வேண்டாம். குளிர் தாங்க, வெட்சூட் என்ற ரப்பர் உடை மட்டும் நல்ல தடிமனாக வேண்டும்; தண்ணீர் அப்படிக் குளிரும்.

பாலித் தீவின் துலாம்பென் இன்னொரு இடம். லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவால் அடிபட்டு, அந்தக் கரையில் ஏற்றி விடப்பட்டது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. இப்போது கரையிலிருந்து சில நிமிடம் நீந்தினால் கப்பல். ஆழம் குறைந்த பகுதி ஐந்து மீட்டர் அளவில் தொடங்குகிறது. அடிப்பகுதி முப்பது மீட்டர் வரை இறங்குகிறது. இரும்பு தெரியாத அளவுக்குப் பவளமும் கடற்பஞ்சும் மூடிக் கிடக்கின்றன. கேலி செய்த நண்பரை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அலைக்குள் முதுகில் சிலிண்டரோடு எப்படி நடப்பது? நினைத்தாலே முழங்கால் நடுங்குகிறது. படகில் என்றால் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தால் போதும்.

பதில்: நடுங்குவது நல்லதுதான். கரை டைவிங்கில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் முழங்கால் ஆழத்துத் தண்ணீரில்தான் அடிபடுகிறார்கள்.

முதலில், சாமான் எதையும் மாட்டாமல் கரையில் நின்று கால் மணி நேரம் கடலைப் பாருங்கள். என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு எரிச்சல் மூட்டுவதே இந்தக் கால் மணி நேரம்தான், நான் விட்டுக்கொடுப்பதில்லை. அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். சில பெரிய அலைகள், அப்புறம் கொஞ்சம் அமைதி, அப்புறம் மறுபடி பெரியவை. அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கணக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த இடைவெளியில்தான்.

இரண்டாவது, எங்கே இறங்குவது என்பதற்கு முன்னால் எங்கே ஏறுவது என்று முடிவு செய்யுங்கள். இறங்க எந்த முட்டாளாலும் முடியும். ஒரு மணி நேரம் கழித்து, களைத்துப்போய், சிலிண்டரில் காற்று குறைந்திருக்கும்போது ஏற முடியுமா? அந்த நேரத்தில் கடல் ஏறியிருக்குமா, வற்றியிருக்குமா? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் பெரிது, நீரோட்டமும் வேகம். அரை நிலா நாட்களில் கடல் சாதுவாக இருக்கும். பல இடங்களில் கடல் முழுதாக ஏறி நிற்கும் நேரம் சுகம்: பாறைகள் மூடியிருக்கும், வெளிக்கடலின் தெளிந்த தண்ணீர் கரைவரை வந்திருக்கும்.

புதியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் அலை உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்த நிறமாய், சமர்த்தாக இருக்கும். "இங்கே இறங்கலாமே!" என்று தோன்றும். கரையில் மோதிய தண்ணீர் கூடித் திரும்பிக் கடலுக்குள் ஓடுகிற வழி அதுதான். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

இறங்கும்போது மாஸ்க் முகத்தில், சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் வாயில், மிதவை ஜாக்கெட்டில் பாதிக் காற்று. மாஸ்க்கை நெற்றியில் ஏற்றிவிட்டு நடக்காதீர்கள். ஒரே அலை, மாஸ்க் போய்விடும். அலை அமைதியான இடமாக இருந்தால் காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னைக் கையில் எடுத்துக்கொண்டு போய் இடுப்பளவுத் தண்ணீரில் மாட்டிக்கொள்ளலாம். அலை அடிக்கிற மணல் கரை என்றால் ஓரத்திலேயே மாட்டிக்கொண்டு, தோளுக்கு மேல் கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க வேண்டும். ஃபின்னோடு முன்பக்கமாக நடந்தால் விழுவது நிச்சயம். அலை வரும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடித்து நில்லுங்கள். நெஞ்சை விரித்து அலைக்குக் காட்டாதீர்கள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால், மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை சத்தம் உணர்ந்து விலகிப் போய்விடும். மிதித்தால்தான் அதன் வாலில் இருக்கும் முள் வேலை செய்யும். தொடை ஆழம் தாண்டியதும் நடப்பதை நிறுத்திவிட்டுப் படுத்து நீந்துங்கள். கரையில் அழுத்திய பாரமெல்லாம் அந்த நொடியில் காணாமல் போகும்.

கொடி கட்டிய மிதவை கொண்டுபோனால், உள்ளே போகும்போது அது உங்களுக்குக் கரைப்பக்கமாகவே இருக்கட்டும். வெளியே வரும்போது முன்னால் தள்ளிவிடுங்கள். உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் அது இருந்தால், அலை அதைத் தூக்கி உங்கள் தலையில் போடும்.

திரும்பி வரும்போது அலை உடைகிற இடத்துக்கு வெளியே கொஞ்சம் காத்திருங்கள். கூட்டத்தின் கடைசிப் பெரிய அலை போனதும் அதன் முதுகுக்குப் பின்னாலேயே வாருங்கள். விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து வாருங்கள். அழகாக இருக்காது, ஆனால் யாரும் படம் எடுக்கப்போவதில்லை, எடுத்தாலும் போகட்டும். முழுதாக மேலே ஏறும்வரை ரெகுலேட்டர் வாயை விட்டு வரக் கூடாது.

கால் மணி நேரம் பார்த்த பிறகு மனம் ஒப்பவில்லையா? சாமானை வண்டியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். படகில் போகிறவருக்குக் கேப்டன் முடிவு சொல்வார். கரையில் நீங்கள்தான் கேப்டன்.

கேள்வி: லேசான ஜலதோஷம் இருந்தால் இறங்கலாமா?

பதில்: கூடாது. காதுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் குழாய் வீங்கியிருக்கும். அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. முதல் பத்து மீட்டரில்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது, ஆக ஆழம் குறைவு என்பது இங்கே சமாதானம் ஆகாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அது கீழே இருக்கும்போதே வீரியம் இழந்து, மேலே வரும்போது காற்று உள்ளே சிக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். கடலுக்குள் எல்லாம் மங்கலாகத் தெரியுமோ?

பதில்: கண்ணாடியின் காம்பு மாஸ்க்குக்குள் தண்ணீர் புக வழி செய்யும், அதனால் அதை மாட்ட முடியாது. உங்கள் பவருக்கு ஏற்ற லென்ஸ் பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. மென்மையான கான்டாக்ட் லென்ஸும் போடலாம். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கொஞ்சம் பக்கத்திலும் தெரியும் என்பதால், பவர் குறைவாக இருக்கிற சிலர் சாதாரண மாஸ்க்கிலேயே சமாளித்துவிடுகிறார்கள்.

கேள்வி: நானும் என் தோழியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இறங்கினோம். மேலே வந்து அவள் ஒரு பட்டியலே சொல்கிறாள். நான் பார்த்தது மணலும் நாலு மீனும். "உயிரினங்கள் நிறைந்த இடம்" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். என் கண்ணில் கோளாறா?

பதில்: கண்ணில் இல்லை, வேகத்தில். நீங்கள் எவ்வளவு தூரம் நீந்தினீர்கள் என்று கேட்டால் பெருமையாகச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஒரு டைவ் முழுக்க ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே இருந்து பாருங்கள். கரையிலிருந்து இறங்குகிறவருக்கு இருக்கிற வசதியே இதுதான்: அதே இடத்துக்கு நாளைக்கும் வரலாம், எதையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க வேண்டியதில்லை.

மணல் என்று சலித்துக்கொண்டீர்களே, அதிலிருந்தே தொடங்குவோம். வெப்பக்கடல் மணலில் விரல் நுழைகிற அளவில் ஒரு பொந்து, அதன் வாசலில் சின்ன மீன் ஒன்று காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தால், நில்லுங்கள். அது கோபி மீன். பொந்தை வெட்டுவது அந்த மீன் அல்ல, கூடவே குடியிருக்கும் ஓர் இறால். அந்த இறாலுக்குக் கண்பார்வை மிகவும் மந்தம். மணலையும் கல்லையும் புல்டோசர் போல வெளியே தள்ளிக்கொண்டே, ஒரு மீசையை மீனின் உடம்பில் தொட்டபடி வைத்திருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும், இறால் உள்ளே ஓடிவிடும். ஆபத்து பெரிதானால் மீனும் பின்னாலேயே போய்விடும். நீங்கள் வேகமாக வந்தால், "பெரிய ஆபத்து" நீங்கள்தான். தரையோடு தாழ்ந்து, மூச்சை மெல்ல விட்டுக் காத்திருந்தால் சில நிமிடத்தில் இரண்டும் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

பாறை இடுக்கின் முன்னால் நண்டு ஓடும் சிப்பி ஓடுமாகக் குப்பை கிடக்கிறதா? அது யாரோ சாப்பிட்டுப் போட்ட மிச்சம். இடுக்குக்குள் மெதுவாகப் பாருங்கள், ஒரு கண் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆக்டோபஸ். மூன்று இதயம் உள்ள பிராணி. நிறக்குருடு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், ஆனாலும் பாறையின் நிறத்தை அப்படியே உடம்பில் கொண்டுவந்துவிடும். குப்பையைத் தேடினால் அதைக் கண்டுபிடிக்கலாம், அதையே தேடினால் கிடைக்காது.

மீன்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் அங்கேயும் நில்லுங்கள். பெரிய மீன்கள் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்கும். நீலக் கோடு போட்ட சின்னத் துப்புரவு மீன்கள் வாய்க்குள்ளும் செவுளுக்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும். அந்தப் பெரிய மீன் நினைத்தால் ஒரே மடக்கு, விழுங்காது. இதில் ஒரு மோசடிக்காரனும் உண்டு. பார்வைக்கு அச்சு அசல் துப்புரவு மீன் போலவே இருக்கும் வேறொரு மீன், நம்பி நிற்கிற வாடிக்கையாளரின் துடுப்பில் ஒரு கடி கடித்துவிட்டு ஓடிவிடும். வாடிக்கையாளர் திடீரென்று துள்ளினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கடல் அனிமோனுக்குள் கோமாளி மீன் குடும்பத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அடுத்த முறை அதில் பெரியது எது என்று பாருங்கள். அதுதான் பெண். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான்; இருக்கிற பெண் இறந்தால் அடுத்த நிலையில் இருக்கும் ஆண் பெண்ணாக மாறும். உங்கள் மாஸ்க்கை வந்து முட்டுகிறவள் பெரும்பாலும் அந்த வீட்டு எஜமானிதான்.

அப்புறம், காதையும் பயன்படுத்துங்கள். தண்ணீருக்குள் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம் நிற்காமல் கேட்கும். அது ஒருவகைச் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்குவது. நறுக் நறுக் என்று கடிக்கிற சத்தம் கேட்டால் கிளி மீன் பவளத்தைக் கொறிக்கிறது. கொறித்ததை அரைத்து மணலாக வெளியே விடும். நீங்கள் சலித்துக்கொண்ட அந்த வெள்ளை மணலில் கணிசமான பங்கு அப்படி வந்ததுதான். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் தேடாதீர்கள். தண்ணீரில் ஒலி காற்றில் போவதைப்போல நாலு மடங்கு வேகமாகப் போகிறது, நம் காதுக்குத் திசை பிடிபடாது.

கேள்வி: சுறா வந்தால் என்ன செய்வது?

பதில்: பாருங்கள். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். கரையோரப் பவளப்பாறைகளில் டைவர்கள் சந்திக்கிற சுறாக்கள் நம் குமிழிச் சத்தத்தைக் கேட்டே விலகிப் போகிற ரகம்.

நான் பயப்படுவது அசையாத பிராணிகளுக்கு. கல் மீன் பார்வைக்குக் கல்லேதான். பாசி படர்ந்து, ஆழமில்லாத இடத்திலும் கிடக்கும். முதுகு முள்ளில் கடுமையான விஷம். அடி தடித்த காலணி போடுவதும், தரையில் கை ஊன்றாமல் இருப்பதும்தான் பாதுகாப்பு. குத்திவிட்டால் முதலில் கரைக்கு வாருங்கள், அப்புறம் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்துங்கள். 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. வலியில் சூடு தெரியாது, அதனால் அடிபடாத கையையோ காலையோ முதலில் விட்டுச் சூட்டைப் பாருங்கள். இந்த விஷம் சூட்டில் வீரியம் குறையும். திருக்கை, சிங்க மீன் முள்ளுக்கும் இதே முதலுதவிதான். கூடவே மருத்துவமனைக்கும் கிளம்பிவிட வேண்டும். கூம்பு வடிவ ஓடுள்ள அழகான நத்தை கிடந்தால் கையில் எடுக்காதீர்கள். உள்ளே ஆள் இருந்தால் விஷ ஊசி போடும்.

முட்டைக்குக் காவல் இருக்கும் டைட்டன் கிளாத்தி நம்மை நேருக்கு நேர் துரத்துகிற மீன். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் வடிவம். பயந்து மேலே போனால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். ஃபின்னை அதன் பக்கம் நீட்டியபடி பக்கவாட்டில் நழுவிவிடுங்கள்.

கேள்வி: கீழே போனதும் திசை குழம்பிவிடுகிறது. இறங்கிய இடத்துக்கே எப்படித் திரும்பி வருவது?

பதில்: இறங்குவதற்கு முன் திசைகாட்டியில் கடலை நோக்கிய கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப அதோடு 180 கூட்டுங்கள், அல்லது கழியுங்கள். தரையும் வழி சொல்லும்: மணலில் அலை வரைந்த வரிகள் பொதுவாகக் கரைக்கு இணையாக ஓடும், ஆழம் குறைந்துகொண்டே வந்தால் கரைப்பக்கம் போகிறீர்கள். நீரோட்டம் இருந்தால் முதலில் அதை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து விடும். செலவழிக்கக்கூடிய காற்றில் பாதி தீரும் முன்பே திரும்பிவிடுங்கள்.

சரிவான கரையில் இன்னொரு சௌகரியம். டைவ் முடிவில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. படகிலிருந்து இறங்கியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நமக்கு அந்த ஐந்து மீட்டர் நல்ல காட்சிகள் உள்ள இடம். மூன்று நிமிடம் என்ன, காற்று இருந்தால் இருபது நிமிடம் சுற்றலாம்.

கேள்வி: கையுறை போட்டுக்கொண்டால் பாறையைப் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா? ஒரு காலிச் சிப்பியாவது நினைவாக எடுத்து வரலாமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. கையுறை போட்டவர் எல்லாவற்றையும் தொடுவார், அது மனித சுபாவம். கரீபியனில் போனேர் என்று ஒரு தீவு. சாலையோரத்து மஞ்சள் கற்களில் டைவிங் இடங்களின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். வண்டியை நிறுத்தி இறங்க வேண்டியதுதான். 1979 முதல் சுற்றியுள்ள கடலைப் பூங்காவாகக் காக்கும் அந்தத் தீவில் டைவர்கள் கையுறை போடவே தடை. பிடித்துக்கொள்ளத் தோன்றினால், மூழ்காமலும் மேலே கிளம்பாமலும் நிற்கிற மிதவைச் சமநிலை சரியில்லை என்று அர்த்தம். இடுப்பில் தேவைக்கு மேல் ஈய எடை கட்டியிருப்பீர்கள், சரிபாருங்கள்.

காலிச் சிப்பியில் நாளைக்கே ஒரு துறவி நண்டு குடிவரும். அதற்கு வேறு வீடு கிடையாது.

கேள்வி: கணவர் கடலுக்குள் கேமராவோடு போனால் என்னை மறந்துவிடுகிறார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. கேட்டால் "நீதான் வேகமாகப் போனாய்" என்கிறார்.

பதில்: இந்தச் சண்டையில் எனக்கு வருமானமே உண்டு; பாதிப் பேர் இதற்காகத்தான் மறுபயிற்சிக்கு வருகிறார்கள். அவரை மாற்ற முடியாது. வேகத்தைக் கேமராக்காரர் தீர்மானிக்கட்டும், நீங்கள் அவருக்கு முன்னால் அல்ல, பக்கத்தில் இருங்கள். பொருளைக் கண்டுபிடித்துக் காட்டுகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு விஷயத்தை இறங்குவதற்கு முன்பே பேசி முடியுங்கள். சிலிண்டரில் எத்தனை பார் இருக்கும்போது திரும்புவது? பிரிந்துவிட்டால் என்ன? பிரிந்தால் ஒரு நிமிடம் சுற்றித் தேடி, காணவில்லை என்றால் இருவரும் மெதுவாக மேலே வந்துவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு படம்" என்பதற்கு இந்த விதியில் இடமில்லை என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. நீச்சல் சுமார்தான். இப்போது கற்றுக்கொள்ளலாமா?

பதில்: வயதுக்கு மேல்வரம்பு இல்லை. மருத்துவக் கேள்வித்தாளை உண்மையாக நிரப்புங்கள். இதயம், இரத்த அழுத்தம், ஆஸ்துமா எதுவானாலும் மருத்துவர் கையெழுத்தில்லாமல் தொடங்காதீர்கள். நீச்சலில், எந்தப் பாணியானாலும் சரி, நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும். நேரக்கெடு கிடையாது. பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். பெரும்பாலான தொடக்கநிலைப் பயிற்சிகளில் கேட்பது இவ்வளவுதான். கரை டைவிங் என்றால் இதோடு கால்பலமும் வேண்டும். சாமான் மட்டுமே இருபது கிலோவைத் தாண்டும், அதைச் சுமந்து வழுக்குப் பாறையில் நடக்க வேண்டியிருக்கும். சிலிண்டரைத் தண்ணீர் ஓரம் வரை இன்னொருவரைத் தூக்கி வரச்சொல்வதில் வெட்கம் எதற்கு? நானே சொல்வேன்.

கேள்வி: காலையில் டைவிங், மாலையில் விமானம். சரிதானே?

பதில்: இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும். டைவிங்கின்போது இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும். ஒரே ஒரு டைவ் என்றாலும் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் விடுங்கள். கடைசி நாளை ஊர் சுற்ற வைத்துக்கொள்ளுங்கள், உயரமான மலைச்சாலையைத் தவிர்த்து.

கேள்வி: இரவில் கரையிலிருந்து இறங்கலாமா? பகலில் பார்த்ததிலிருந்து அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். பகலில் மூடிக் கிடந்த பவளம் இரவில் பூப்போல விரிந்து இரை பிடிக்கும். கிளி மீன்களில் சில வகை தம்மைச் சுற்றி ஒரு சளிக்கூடு கட்டி அதற்குள் தூங்கும். கண்ணாடிப் பை மாதிரி இருக்கும், டார்ச்சை நேராக அடித்து எழுப்பிவிடாதீர்கள். பகலில் இடுக்கில் பதுங்கிய ஆக்டோபஸும் இறாலும் வெளியே உலாவும்.

பகலில் பழகிய இடத்தில் மட்டும், அந்தி வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். ஆளுக்கு இரண்டு டார்ச். கரையில் முன்னும் பின்னுமாக, ஒன்று தாழ்வாக, ஒன்று உயரமாக இரண்டு விளக்கு வைத்துவிட்டுப் போனால், திரும்பும்போது இரண்டும் ஒரே கோட்டில் தெரிகிற திசைதான் உங்கள் வழி. கரையில் ஒருவரை நிறுத்தி வைப்பது இன்னும் நல்லது. விளக்கை யாரும் எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வார்.

நடுவில் ஒரு முறை, கூட்டாளியிடம் சைகை காட்டிவிட்டு, இருவரும் டார்ச்சை நெஞ்சோடு அழுத்தி மறைத்துக்கொண்டு கையை வீசிப் பாருங்கள். தண்ணீரில் ஒளிரும் நுண்ணுயிர்கள் இருந்தால் கையைச் சுற்றிப் பொறி பறக்கும்.

கேள்வி: கரை டைவிங் போய் வந்தால் சாமானெல்லாம் மணல். எப்படிக் கழுவுவது?

பதில்: ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து கழற்றியதும், சிலிண்டரில் பொருத்துகிற முனைக்கான மூடியை ஈரம் போகத் துடைத்து மாட்டிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும். ஊறும்போது ரெகுலேட்டரின் ஊதுபொத்தானை அமுக்காதீர்கள். ஜாக்கெட்டின் உள்ளேயும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள், ஜாக்கெட்டின் பொத்தான்களைத் தண்ணீருக்குள் வைத்துச் சில முறை அழுத்துங்கள், மணல் சிக்குவது அங்கேதான். காலணியின் ஜிப்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, எல்லாவற்றையும் நிழலில் காயவையுங்கள். வெயிலில் ரப்பர் வெடித்துப்போகும்.